பூவரசம்பூவின் மஞ்சள் தாளுக்கு வரும்வரை: வசந்தப் பூக்களைப் படமெடுத்துப் பகிரவும் அச்சிடவும் ஒரு வழிகாட்டி

வடசென்னையின் வசந்தம் பங்குனியில் வேப்பம்பூவோடு தொடங்கி, கத்திரி வெயிலில் மயில்கொன்றை சிவக்கும்வரை நீளும். நடுவில் புங்கமரத்தடியில் பொரி கொட்டியதுபோல் பூ உதிரும். சரக்கொன்றை தொங்கும், இயல்வாகை நடைபாதையை மூடும், தூங்குமூஞ்சி மரம் உச்சியில் ரோஜா நிறப் பஞ்சைக் காட்டும். பூவரசு எப்போதும்போலப் பூத்துக்கொண்டே இருக்கும்.

இவற்றில் கொன்றை, இயல்வாகை, பூவரசு மூன்றும் மஞ்சள். கேமராவுக்கும் தாளுக்கும் ஒத்துவராத நிறமும் அதுதான். போனில் தங்கமாக மின்னிய கொன்றை, ஃபோட்டோ அச்சிடும் லேபிலிருந்து வரும்போது இதழும் நரம்பும் தெரியாத மஞ்சள் பிளாஸ்டிக்காக வந்து நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். குறை பெரும்பாலும் மிஷினில் இல்லை. மரத்தடியிலிருந்து தாள்வரை நாலைந்து இடங்களில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அந்த இடங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான் வேலை.

தாளின் அளவை முதலில் தீர்மானியுங்கள்

படம் எடுத்த பிறகு அளவை யோசித்தால் பூவின் நுனி வெட்டுப்படும். போன் படம் 4:3 விகிதம். பெரும்பாலான கேமராக்கள் 3:2. லேபில் அதிகம் ஓடும் 4×6, 8×12, 12×18 அங்குலத் தாள்கள் மூன்றும் 3:2 தான். ஆக, போன் படத்தை 4×6இல் அடித்தால் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். ஓரம்வரை நிரப்பிய கொன்றைக் கொத்து என்றால் கொத்தின் விளிம்பே போகும். எடுக்கும்போதே சுற்றி இடம் விடுங்கள். இல்லாவிட்டால் 6×8, 9×12, 12×16 போன்ற 4:3 அளவுகள் இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள். பார்டர் இல்லாமல் அடிக்கும்போது சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் எப்படியும் மிஷின் தின்றுவிடும்.

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கு. 4×6க்கு 1800×1200 பிக்சல் போதும். 8×12க்கு 3600×2400 வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படம் 4000×3000 இருக்கும், 8×12க்குத் தாராளம். அதையே 12×18இல் அடித்தால் அங்குலத்துக்கு 222 வரும். சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது போதும், பயப்பட வேண்டாம். ஆனால் பாதிக்கு மேல் கிராப் செய்த படத்தை 12×18க்கு இழுக்காதீர்கள். முருங்கைப் பூவின் மகரந்தம் தெளிவாகத் தெரியவேண்டிய இடத்தில் மாவு பூசியதுபோல் இருக்கும்.

எந்தப் பூ, எந்த நேரம்

கடற்காற்று வெயில் காலத்தில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி உள்ளே வரும். அது வந்துவிட்டால் வேப்பம்பூ மாதிரிச் சிறிய பூக்கள் ஒரு நொடி நிற்காது. அதனால் சூரியன் உதித்ததிலிருந்து எட்டு மணிவரை வேலையை முடித்துக்கொள்வது நல்லது. காற்று இருந்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. நெருக்கமான படத்துக்கு லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) எஃப் 8இல் வையுங்கள். எஃப் 2.8இல் எடுத்தால் ஒரு இதழ் மட்டும் தெளிவாகவும் மற்றவை பனி மூடியதுபோலவும் இருக்கும். போன் திரையில் இது அழகாகத் தெரியும். 8×12இல் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

பூவரசம்பூ காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரியும். மாலைக்குள் செம்மை ஏறி, வாடி, உதிரும். மஞ்சள் வேண்டுமென்றால் பத்து மணிக்குள் எடுக்க வேண்டும். செந்நிறமாக மாறுவதைக் காட்ட நினைத்தால் அதே கிளையைக் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடியுங்கள். அந்தப் பூவின் அழகு உள்ளே, அடியில் இருக்கும் அரக்கு நிறக் கண்ணில் இருக்கிறது. பூவோ முழுக்க விரியாமல் மணிபோல் சாய்ந்து நிற்கும். மேலிருந்து எடுத்தால் கண் தெரியாது. பூவின் மட்டத்துக்குக் குனிந்து, வாய்ப்பக்கமாக வாருங்கள். ஒரு அடிச் சதுரத் தெர்மாகோல் அட்டையைக் கீழே பிடித்தால் வெளிச்சம் மேலே எதிரொளித்து உள்ளே போகும். அரக்கு நிறம் கறுப்பாகச் சாகாமல் இருக்கும்.

சரக்கொன்றையில் மகரந்தத் தண்டுகள் பத்து. அதில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கி போல் வளைந்து வெளியே வரும். ஃபோகஸை அந்த வளைவில் வையுங்கள். இதழில் வைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். பின்னால் வெளுத்த வானம் வராமல் நகர்ந்து நில்லுங்கள். வேறொரு மரத்தின் நிழல் பின்னணியாக வந்தால் மஞ்சள் தானாக எழும்.

கடற்கரையில் அடம்புக் கொடி உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கரையில் பெரும்பகுதி கல் கொட்டியது. கொடிக்கு மணல் வேண்டும், எனவே மணல் மிஞ்சிய திட்டுகளைத் தேடுங்கள். ஆட்டுக்குளம்பு போல் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும். நெய்தல் நிலத்துக்கு அடையாளமாகப் புலவர்கள் பாடிய அடும்பு இதுதான். அதை எடுக்க முழங்காலில் உட்கார்ந்தாக வேண்டும். லென்ஸில் ஒட்டும் மணலைத் துணியால் தேய்க்காதீர்கள், ஊதும் பம்பால் முதலில் தள்ளுங்கள். வீடு திரும்பியதும் உப்புப் படிவை லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணி.

தெருவில் தேட வேண்டாம் என்றால் மாதவரம் பால்பண்ணைப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, ஸ்டாண்டு அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி மரங்களும் உமரிச் செடியும் உண்டு. ஆனால் அனல் மின் நிலையம், துறைமுக மதில், கண்டெய்னர் யார்டு இவற்றை நோக்கி லென்ஸைத் திருப்பாதீர்கள். செடியைத்தான் எடுத்தேன் என்றாலும் காவலர் படத்தை அழிக்கச் சொல்வார். அப்படிப்பட்ட இடம் பின்னணியில் வராத கோணமாகப் பார்த்து நில்லுங்கள்.

லாரி ஓடும் சாலையோர மரங்களின் இலையில் புழுதி படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, 12×18இல் சாம்பல் பூச்சாகத் தெரியும். சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி நிற்கும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஊரின் மரம் எப்படி வாழ்கிறது என்று காட்டுவது நோக்கமானால் புழுதியைத் துடைக்கவே வேண்டாம், அது உண்மையான ஆவணம்.

மஞ்சள் ஏன் வெடிக்கிறது

படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மஞ்சள் இதழில் சிவப்பும் பச்சையும் உயரத்தில், நீலம் அடிமட்டத்தில். வெயில் கொஞ்சம் கூடினால் சிவப்பு 255ஐத் தொட்டு நின்றுவிடும். நின்ற பிறகு இதழின் மேடும் மடிப்பும் அந்த எண்ணில் பதியாது. கேமராவில் தெரியும் சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மூன்றையும் கலந்து காட்டுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

இன்னொரு சிக்கல், கேமரா காட்சி முழுவதையும் சராசரி பார்க்கிறது. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒற்றை மஞ்சள் பூ என்றால், இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூ வெந்துபோகும். கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −2/3இல் வைத்துத் தொடங்குங்கள், நேர் வெயிலானால் −1. போனில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். படம் திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

நேர் வெயிலைத் தவிர்க்க முடியாதபோது பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு முழத்தை இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டி, பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் டிஃப்யூசர் செய்யும் வேலையை இது அப்படியே செய்யும். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள். ஆட்டோ, மஞ்சள் நிறைந்த காட்சியைச் சரிசெய்கிறேன் என்று நீலத்தை ஏற்றிப் பூவை வெளுக்க வைக்கும்.

கேமராவில் ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) வசதி இருந்தால் ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுங்கள். முட்டிப்போன சிவப்பில் ஒரு பகுதியையாவது ராவிலிருந்து மீட்கலாம், ஜேபெக்கில் முடியாது. ஐபோனில் கேமரா அமைப்பின் ஃபார்மட்ஸ் பகுதியில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ தேர்ந்தெடுத்தால் எல்லா லேபிலும் திறக்கும் ஜேபெக்காகப் பதியும்.

திருத்தும்போது

திருத்துவதற்கு முன் போனிலும் கணினியிலும் கண் பாதுகாப்பு மஞ்சள் திரை, நைட் லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். திரை ‘விவிட்’ முறையில் இருந்தால் ‘நேச்சுரல்’ முறைக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் தாளில் இருட்டாகத்தான் வரும், ஏனென்றால் தாளுக்குப் பின்னால் விளக்கு இல்லை.

மொத்தப் படத்துக்குமான சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) குமிழைத் தொடவே வேண்டாம். மஞ்சள் நிறத்தை மட்டும் தனியாக எடுத்து, சாச்சுரேஷனை 10 முதல் 20 வரை குறையுங்கள், லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) 10 குறையுங்கள். திரையில் கொஞ்சம் உயிர் போனதுபோல் தெரியும், ஆனால் தாளில் இதழ் நரம்பு திரும்பி வரும். முடிந்ததும் எஸ்ஆர்ஜிபி நிற வரம்பில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் பல லேப் மிஷின்கள் அதைப் படிக்காமல் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். மொத்தப் படமும் சோகை பிடித்ததுபோல் வெளிறும். ஜேபெக் தரம் 95 அல்லது அதற்கு மேல்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அச்சிடாதீர்கள்

அச்சில் வரும் குறைகளில் அதிகம் இதிலிருந்துதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கும். 8×12இல் அது அங்குலத்துக்கு 133 தான். ஹெச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் அழுத்தம் உண்டு. மஞ்சள் இதழின் மென்மையான ஏற்ற இறக்கத்தில் அந்த அழுத்தம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். லேபுக்கு அனுப்பும்போது இணைப்புக் குறியை அழுத்தி ‘டாக்குமெண்ட்’ வழியாகக் கோப்பை அனுப்புங்கள். ஒரு பிட்டும் குறையாமல் போகும்.

அதில் ஒரு எச்சரிக்கை. டாக்குமெண்டாக அனுப்பும்போது, படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் கூடவே போகும். வீட்டு மாடித்தோட்டத்தில் எடுத்த படத்தைத் தெரியாதவர்களுக்கு அனுப்புவதானால் இருப்பிடக் குறிப்பை முதலில் நீக்குங்கள். மரத்தில் குருவிக் கூடோ ஆந்தைப் பொந்தோ இருந்தாலும் அப்படியே.

லேபில்

பென் டிரைவில் கொடுப்பது இன்னும் நல்லது. அளவுக்கு ஒரு ஃபோல்டர், பெயரில் அளவும் எண்ணிக்கையும், எல்லாம் ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்தில் வைத்த பெயர் சில மிஷின்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தப் பென் டிரைவில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பல பேருடைய டிரைவ் ஏறி இறங்கும் கணினி என்பதால் வைரஸ் ஒட்டும். ஒரே பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

லேபில் எல்லாப் படத்துக்கும் கலர், டென்சிட்டி (எவ்வளவு இருட்டு, வெளிச்சம் என்பது) இரண்டையும் தானாகத் திருத்தும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண ஆல்பத்தில் முகம் தெளிய அது நல்லது. தாள் முழுக்க மஞ்சள் என்றால், வெளிச்சம் தவறு என்று கணக்குப் போட்டு நீலத்தை ஏற்றும், கொன்றை எலுமிச்சைத் தோலாகிவிடும். அதனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: “அண்ணா, இதுக்குக் கரெக்‌ஷன் போடாதீங்க, அப்படியே அடிங்க.” “டார்க்கா வந்தா என்னைக் கேக்கக் கூடாது” என்பார். “முதல்ல ஒரு டெஸ்ட் மட்டும் அடிங்கண்ணா, பாத்துட்டுச் சொல்றேன்.” இவ்வளவுதான் பேச்சு. பிற்பகலில், கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் நின்று கேட்பார்கள்.

அந்த டெஸ்ட்டை இப்படிச் செய்யுங்கள். 8×12 தாளில் 4×6 படம் நான்கு சரியாக அடங்கும். ஒரே பூவரசம்பூவை நான்கு விதமாக வையுங்கள்: முதலாவது திருத்தியபடியே, இரண்டாவதில் வெளிச்சம் 10 கூட்டி, மூன்றாவதில் மஞ்சள் சாச்சுரேஷன் இன்னும் 15 குறைத்து, நான்காவதில் இரண்டும் சேர்த்து. மூலையில் சின்னதாக 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் எது எது என்று மறந்துபோகும். டியூப் லைட்டில் பார்க்காமல், மறுநாள் காலை ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பாருங்கள். அன்று காலை பறித்த பூவரசம்பூவைத் தாளின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உதிர்ந்த பூ உதவாது, அது சிவந்திருக்கும். எந்த எண் பூவோடு ஒத்துப்போகிறதோ, அந்த மாற்றத்தையே எல்லா மஞ்சள் படத்துக்கும் போடலாம். லேபை மாற்றினால் மட்டும் மறுபடி டெஸ்ட்.

தாள் வகையில், பூவுக்கு எங்கள் பரிந்துரை சில்க் அல்லது மேட். கிளாஸியில் நிறம் ஆழமாக வரும். ஆனால் விரல் ரேகை விழும், கண்ணாடி போட்டால் ஒட்டும். மெட்டாலிக் தாள் பனித்துளிப் படங்களுக்குப் பொருந்தும், வேப்பம்பூவின் மெல்லிய வெண்மைக்குச் சற்றும் பொருந்தாது. ஃபிளெக்ஸில் அடிக்கவே வேண்டாம், அது தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கானது.

சித்திரை வாழ்த்து அட்டை

ஏப்ரல் 14க்கு வாழ்த்து அட்டை அடிக்க நினைப்பவர்கள் வேப்பம்பூவை மார்ச் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும். கொன்றை அதற்குள் பூக்கும் என்று நம்பியிருக்க முடியாது. போன ஆண்டுப் படத்தை எடுத்து வையுங்கள்.

அட்டைக்கு ஃபோட்டோ லேபைவிட மல்டிகலர் லேசர் பிரிண்ட் தோது. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் தாளுக்கும் அழைப்பிதழுக்கும் பேர்போனவை. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டு கேளுங்கள். 13×19 அங்குலத் தாளில் 4×6 அட்டை 9 அடங்கும். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, ஒவ்வொன்றிலும் சுற்றி 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படத்தை நீட்டிக் கொடுங்கள். இந்த மிஷின்கள் நான்கு நிற மையில் அடிப்பவை. மஞ்சள் அதில் ஒரு தனி மை என்பதால் கொன்றை நன்றாக வரும். அடம்பின் ஊதாவும் தூங்குமூஞ்சியின் ரோஜாவும் மங்கும், திருத்தினாலும் முழுக்கத் திரும்பாது. அவற்றை லேபுக்கே விட்டுவிடுங்கள். முழு எண்ணிக்கை ஓட்டும் முன் ஒரு தாள் அடித்துப் பாருங்கள்.

வீட்டில் ஆறு மை டேங்க் பிரிண்டர் இருந்தால் 4×6 அளவுக்குப் போதுமானது. 200 ஜிஎஸ்எம்முக்கு மேல் ஃபோட்டோ தாள், பூச்சுள்ள பக்கம், அமைப்பில் அதே தாள் வகை. தவறான வகை தேர்ந்தால் மை குளமாகத் தேங்கும். மீதித் தாளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் வையுங்கள். கடலோரக் காற்றில் திறந்து வைத்த தாள் ஒரு வாரத்தில் வளைந்து, பிரிண்டரின் தலையில் உரசும்.

ஈரக் காற்றில் சட்டம்

ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் படம் கெடுவது வெயிலால் மட்டும் இல்லை, ஈரத்தாலும் உப்பாலும். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துச் சட்டம் போட்டால், இரண்டு மழைக்காலத்தில் படம் கண்ணாடியில் பசைபோல் பிடித்துக்கொள்ளும். உரித்தால் கிழியும். நடுவே ஒரு மவுண்ட் போர்டு விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி படத்தைக் காப்பாற்றும். இல்லையென்றால் மேட் லேமினேஷன் செய்து, கண்ணாடியே இல்லாமல் போர்டில் ஒட்டலாம். இங்க்ஜெட் படமானால் ஒரு நாள் முழுக்கக் காய விட்டுத்தான் சட்டத்துக்குள் போக வேண்டும். கொக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ பித்தளையிலோ இருக்கட்டும். இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுவரில் செம்மண் கோடு இழுக்கும். ஈரம் ஏறும் சுவரில் மாட்டியே ஆக வேண்டுமென்றால், சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டை ஒட்டுங்கள். காற்று ஓடும்.

பொதுவில் பகிரும்போது

இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலத்தில் நீங்களே சுருக்கிப் போடுங்கள். அது சுருக்குவதைவிடத் தெளிவாக இருக்கும். படத்தோடு தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், பகுதி, தேதி நான்கும் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் மட்டும் போதாது. கொன்றை என்ற பெயரில் நாலைந்து மரம் இருக்கிறது. சரக்கொன்றை என்றால் கேசியா ஃபிஸ்டுலா, மயில்கொன்றை என்று இங்கே சொல்லும் சிவப்பு மரம் டெலோனிக்ஸ் ரீஜியா. பெயர் தெரியாத செடியானால் பூ மட்டும் போதாது, இலையின் இரண்டு பக்கம், பட்டை, காய் எல்லாம் எடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

உங்கள் படம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும் என்று நினைத்தால் எல்லாரும் பயன்படுத்தும் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் சரியான இடம். சுருக்காத முழு அளவை ஏற்றுங்கள், வாட்டர்மார்க் வேண்டாம். அங்கே ஏற்றியதை, நீங்கள் தேர்ந்த உரிமத்தின் நிபந்தனைப்படி, வணிகத்துக்கும் யாரும் பயன்படுத்தலாம். இதற்குச் சம்மதம் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள், பிறகு திரும்பப் பெற முடியாது. எண்ணூரின் உமரிக்கும் திருவொற்றியூர்த் தெருவின் பூவரசுக்கும் தேதியோடு, பகுதிப் பெயரோடு நல்ல படங்கள் சேர்வது இந்தப் பகுதிக்கு உண்மையிலேயே தேவை.

அச்சிட்ட படத்தின் பின்னாலும் அதே நான்கு விவரம் வேண்டும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்க இதழில் கோடு எழும்பும். பென்சில் அந்த வழவழப்பில் பிடிக்காது. மெல்லிய முனை பெர்மனென்ட் மார்க்கரால் ஓரத்தில் எழுதி, ஐந்து நிமிடம் கவிழ்த்துக் காயவிட்டு, அதன் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.